கஞ்சிக்கோட்டு காண்ட்ராக்டர்மாருக்கும் சேஃப்டி ஆபீசர்மாருக்கும்: சேஃப்டி கண்ணாடிய மூஞ்சிக்குப் பாத்து வாங்குங்க

வணக்கமுங்க. நான் சாவடிப் பக்கத்துக்காரன். பதினாலு வருசமா வாளையார் தாண்டி கேரளாவுக்குள்ள வந்து வார்ப்புப் பட்டறைல ஏஜி4, அதான் கைல புடிக்கற நாலு இஞ்சு கிரைண்டர், புடிச்சு பிசிறு எடுக்கற வேலை. பேர் போடல, போட்டா அடுத்த மாசம் கேட் பாஸ் வராது. கம்பெனி பேரும் சொல்லல.

கண்ணாடி குடுக்கலைன்னு சொல்ல வரலீங்க. குடுக்கறீங்க, ஒரே சைஸ்ல டப்பா டப்பாவா. ஷூவுக்கு மட்டும் ஆறா ஏழான்னு கேக்கறீங்க, மூஞ்சி எல்லாருக்கும் ஒரே அளவா என்ன?

போன ஆடில, கணவாய்க் காத்து ஷெட்டுக்குள்ள பூந்து அடிக்குது, குனிஞ்சு ஒரு ஹவுசிங் வார்ப்ப தேச்சுட்டு இருந்தேன், கண்ணாடி போட்டுட்டுத்தான் இருந்தேன், ஆனா அது எனக்கு அகலம், கன்னத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல ஒரு வெரல் போகும், குனிஞ்சா மூக்குல எறங்கி இன்னும் பொளந்துக்கும், அந்த சந்துல கீழ இருந்து பொறி ஏறிருச்சு. லென்ஸ்ல ஒரு கீறல் இல்ல. பக்கத்து மெஷின்காரன் வேட்டி முனைய முறுக்கிட்டு எடுத்து உடறேன்னு வந்தான், வேண்டாண்டா சாமின்னு ஓடிட்டேன். சரியாயிரும்னு ராத்திரி படுத்தது என் தப்பு. மறுநாள் டாக்டர் பாத்துட்டு, இரும்புத்துணுக்கு துருப்புடிச்சு கருவிழில வளையம் கட்டிருச்சுன்னாரு. மரத்துப்போக சொட்டு உட்டு, தாடைய மெஷின்ல வெக்கச்சொல்லி, ஊசி முனைல சொரண்டி எடுத்தாரு. ஊசி வர்றத கண்ண தொறந்துட்டேதான் பாக்கணும், இமைக்கக் கூடாது.

திரும்பி வந்து பாத்தா ரிஜிஸ்டர்ல எழுதிருக்கு, 'கண்ணாடி அணியவில்லை'ன்னு. லென்ஸ் முழுசா இருக்கு, கண்ணுல அடி, அப்ப போட்டிருக்க மாட்டான்னு முடிவு.

சரி, லென்ஸ் பலத்துக்கே வருவோம். ஐரோப்பாக்காரன் தரம் இ.என் 166-ல எஃப்-னு மார்க் போட்ட ஸ்பெக்ஸுக்கு டெஸ்ட் என்னன்னா, 6 மிமீ ஸ்டீல் குண்டு, 1 கிராம் கூட இல்ல, செகண்டுக்கு 45 மீட்டர் வேகத்துல அடிக்கறது. நம்ம கிரைண்டர்ல மாட்டற 100 மிமீ கல்லு லோடு இல்லாம நிமிசத்துக்கு 11,000 சுத்து ஓடுது, கணக்குப் போட்டுப் பாருங்க, ஓரத்து வேகமே 57 மீட்டர் வரும். பொறி பொடிசு, அத லென்ஸ் தாங்கும். கல்லு ஒடைஞ்சு சில்லு பறந்தா? ஸ்பெக்ஸ் மாடலுக்கு எஃப்-க்கு மேல மார்க்கே கெடையாது. 120 மீட்டர் டெஸ்டுக்கு, அதான் பி, கண்ணச் சுத்தி மூடற காகுல்ஸாவது வேணும், 190 மீட்டருக்கு மூஞ்சிய மூடற ஃபேஸ் ஷீல்டு. அந்த ஷீல்டயும் கண்ணாடிக்கு மேல போடணும், கண்ணாடிக்குப் பதிலா இல்ல. அமெரிக்காக்காரன் அவன் தரத்துல இசட்87+ மார்க்குக்கு 500 கிராம் கூர்முனை எடைய 127 செமீ மேல இருந்து போட்டுப் பாக்கறான். இந்த டெஸ்ட் எல்லாம் டம்மித் தலைல மாட்டித்தான் பண்றாங்க. டம்மி குனியாது, வேர்க்காது. அவனே சின்னத் தலைக்குன்னு எச்-னு தனி மார்க் வெச்சிருக்கான், நம்ம ஸ்டோர்ல அப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல.

வார்ப்புக்கு உள்ள வெக்கற மண் அச்சு செய்யற கோர் ஷாப் அக்காமாரு கண்ணாடி நழுவுதுன்னு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கறாங்க. பவர் கண்ணாடி போட்ட பெரியவரு ரெண்டையும் மாட்ட முடியாம பவர் கண்ணாடியோடவே நிக்கறாரு, மேல மாட்டற பெரிய மாடல் ஒண்ணு குடுத்தா முடிஞ்சுது. லென்ஸ்ல ஆவி படியறதுக்குத் தனி மடலே எழுதணும். சூப்பர்வைசர் சேட்டன் 'கண்ணட எவிடெ', கண்ணாடி எங்கன்னு மலையாளத்துல கத்தறாரு, கண்ணட நெத்தில இருக்குதுங்க.

2025-ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் இருந்த 1948 ஃபேக்டரி சட்டம் 35-வது பிரிவுல கூட சும்மா காகுல்ஸ்னு எழுதல, தகுந்த காகுல்ஸ்னு எழுதிருந்துச்சு. அடுத்த தடவ டப்பா வாங்கறதுக்கு முன்னாடி மூணு நாலு மாடல் சாம்பிள் கொண்டாந்து, அவங்கவங்க மூஞ்சில மாட்டி, குனியச்சொல்லி, தலைய ஆட்டச்சொல்லிப் பாத்து வாங்குங்க. நம்ம நாட்டுத் தரம் ஐ.எஸ் 5983 இருக்கான்னு அப்பறம் பாருங்க, ரெண்டும் வேணும்.

ரிஜிஸ்டர்ல என் பேருக்கு நேரா எழுதினத அடிச்சுட்டு மாத்தி எழுதணும். அந்தக் கண்ணாடி இன்னும் என் லாக்கர்லதான் இருக்கு. வாங்க, மாட்டிக் காட்டறேன், உங்க வெரலயே உட்டுப் பாருங்க.