மரபியல் மாநாட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

பன்னாட்டு மரபியல் மாநாடு நல்லபடியாக நடந்து முடிந்தது. நிறைவு விழாவில் நன்றியுரைக்கு ஒதுக்கிய நேரம் நிதி கொடுத்தவர்களின் பெயர்களை வாசிக்கவே சரியாகப் போய்விட்டது. அவர்களுக்கு மறுபடியும் நன்றி. மேடையில் பெயர் வராதவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் விசாக் கடிதங்களைக் கவனித்தவர்களுக்கு. ஆட்களை வரவழைப்பதுதான் மாநாட்டில் பாதி வேலை. மரபியலில் இந்தக் கவலை பழையது. 1939இல் எடின்பரோவில் நடந்த ஏழாவது பன்னாட்டு மரபியல் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்வானவர் நிக்கோலாய் வாவிலோவ். பயிர்களின் விதைகளை உலகெங்கும் தேடிச் சேர்த்தவர். சோவியத் அரசு அவரை அனுப்பவில்லை. வந்திருந்தவர்களிலும் பலர், போர் மூளப்போகிறது என்று பாதியிலேயே கிளம்பினார்கள். மறு ஆண்டு வாவிலோவ் கைதாகி, 1943இல் சிறையிலேயே இறந்தார். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லைதான். ஆனாலும் ஒரு முத்திரை தாமதமானால் ஒரு ஆய்வு மாணவியின் இடம் காலியாகிவிடுகிறது. தூதரகங்களுக்குச் சளைக்காமல் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். அப்படியும் வர முடியாதவர்களைக் காணொளியில் இணைத்து, அவர்களுக்கு நடுராத்திரி ஆகாதபடி நிரலையே மாற்றிய தொழில்நுட்பக் குழுவுக்கும் நன்றி.

எல்லா நாட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தது பெருமைக்காக அல்ல. ஒரு குழந்தையின் அரிய நோய்க்கு ஒரு மரபணு மாற்றம்தான் காரணமா என்று உறுதி செய்ய, அதே மாற்றமும் அதே அறிகுறிகளும் உள்ள இன்னொரு குழந்தை தேவைப்படும். அந்தக் குழந்தை பெரும்பாலும் வேறு நாட்டில் இருக்கும். இதுவரை திரட்டிய மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தவர்களுடையது என்பதால், மற்றவர்களிடம் தெரியும் மாற்றம் நோயா, இயல்பா என்று சொல்வதே சிரமம். அரிய நோய் அமர்வில் வந்து பேசிய பெற்றோர்களே, அன்று அரங்கில் எங்கள் வரைபடங்களைவிட உங்கள் பேச்சுக்குத்தான் கனம் இருந்தது.

அப்புறம், தன்னார்வலர்களாக நின்ற ஆய்வு மாணவர்கள். பதிவு மேசை, மைக், கழுத்து அட்டை எல்லாம் நீங்கள்தான். ஒரு அரங்கில் ப்ரொஜெக்டர் படுத்தபோது பேச்சாளரைப் பேசவிட்டுக்கொண்டே வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டீர்கள். வெளியிடாத தரவு என்று குறியிட்ட படங்களை யாரும் போனில் எடுக்காமல் பார்த்துக்கொண்டதும் நீங்கள்தான். மூத்த பேராசிரியர்களிடம் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும்!

ஆய்வைச் சுவரில் ஒட்டி, பக்கத்திலேயே நின்று விளக்கும் போஸ்டர் அமர்வு முடிய வேண்டிய நேரம் தாண்டியும் யாரும் நகரவில்லை. என்னைக் கேட்டால் மாநாட்டின் சிறந்த பகுதி அதுதான். விளக்கை அணைக்காமல் காத்திருந்த அரங்க ஊழியர்களுக்கும், பிறகு கூட்டிப் பெருக்கியவர்களுக்கும் தனியாக நன்றி. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்களே, உங்களால்தான் சில தாய்மார்கள் தங்கள் ஆய்வைத் தாங்களே வந்து சொல்ல முடிந்தது. மொழிபெயர்ப்பாளர்கள், ஆய்வுச் சுருக்கங்களைப் பொறுமையாகப் படித்துத் தேர்ந்தெடுத்தவர்கள், உங்களுக்கும் எங்கள் நன்றி.

பேச்சாளர்கள் ஒப்புதல் தந்ததும் உரைகளின் பதிவுகளை எல்லோருக்கும் அனுப்புகிறோம். தன்னார்வலர்கள் பயணச் செலவு ரசீதுகளைச் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். கணக்கை முடிக்கக் காத்திருக்கும் பொருளாளருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறோம்.

அன்புடன்,
மாநாட்டு ஏற்பாட்டுக் குழு