அலமாரியின் மேலிருக்கும் ரெமிங்டன்

சாட்ஸ்வர்த், டர்பன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். குளிர் தொடங்கியதிலிருந்து முழங்கால் வலி வந்து போகிறது, அவ்வளவுதான். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். தைப்பூசத்துக்குப் பிறகு நீ ஒரே ஒரு முறைதான் பேசினாய். தாத்தாவின் தட்டச்சுப் பொறியைத் துடைத்து எண்ணெய் போட்டேன் என்று நான் சொன்னதற்கு, "அந்த ரெமிங்டன் கம்பெனியே போய்விட்டது அப்பா, இருநூறு வருடத்துத் துப்பாக்கிக் கம்பெனி. அது கடனால் போகவில்லை, வழக்குகளும் அரசியலும் அதைக் கொன்றுவிட்டன" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நான் அப்போது பதில் சொல்லவில்லை. தொலைபேசியில் எனக்கு வாதாட வராது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை.

நீ அனுப்பிய பழுப்பு உறை வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்காவின் மகளிடம் கேட்டு, அந்த நிறுவனத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளையும் திவால் மனுவின் விவரங்களையும் அச்செடுத்து வாங்கி, இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். நீ பட்டயக் கணக்காளன். நம் குடும்பத்தில் அந்தப் படிப்பை முடித்த முதல் பிள்ளை நீ. உனக்குக் கணக்கு சொல்லித்தர நான் வரவில்லை. ஐம்பது வருடம் லேத்து முன்னால் நின்றவனாக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தமிழில் படிக்க உனக்கு நேரமாகும். ஆயாவிடம் எழுத்துக்கூட்டிப் படித்தாயே, அப்படியே நிதானமாகப் படி.

1816இல் எலிபலெட் ரெமிங்டன் என்ற இளைஞர் நியூயார்க் மாநிலத்தில் தம் அப்பாவின் கொல்லுப் பட்டறையில் ஒரு துப்பாக்கிக் குழலை அடித்துச் செய்ததுதான் தொடக்கம். 1828இல் ஈரி கால்வாய்க் கரையிலுள்ள இலியன் என்ற ஊருக்குத் தொழிலைக் கொண்டுபோனார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ராணுவ ஆர்டர் நின்றபோது, அவருடைய பிள்ளைகள் தையல் இயந்திரம், விவசாயக் கருவி, தட்டச்சுப் பொறி என்று பலதையும் செய்து பார்த்தார்கள். தட்டச்சுப் பொறிக்கான ஒப்பந்தம் 1873இல் கையெழுத்தானது. இருந்தும் கடன் நெருக்கியது. 1886இல் அவர்கள் முதலில் விற்றது தட்டச்சுப் பொறித் தொழிலைத்தான், வரப்போகும் காலம் முழுவதும் அதில்தான் இருந்தது. அதை விற்றும் தப்பவில்லை. அந்த ஆண்டே நிறுவனம் கடன்காரர்கள் பொறுப்புக்குப் போய், 1888இல் வேறு கைக்கு மாறியது. ஆகவே நம் அலமாரியின் மேலிருக்கும் பொறியில் அந்தக் குடும்பத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. தாத்தா அதில் தட்டிய அத்தனை மனுக்களும் விற்றுப்போன ஒரு பெயரின் கீழ்தான் எழுதப்பட்டன. அந்த முதல் வீழ்ச்சியை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் அவர்கள் பொருளைச் செய்து பார்த்துத் தோற்றவர்கள்.

இரண்டாவது வீழ்ச்சி வேறு வகை. துப்பாக்கி என்பது தேயாத பொருள், தம்பி. 1950இல் அவர்கள் கொண்டுவந்த 870 என்ற பம்ப் துப்பாக்கி ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதை வாங்கியவன் அடுத்த வருடம் இன்னொன்று வாங்க வரமாட்டான், அவனுடைய பேரனும் அதையே தோளில் வைப்பான். இப்படிப்பட்ட தொழிலுக்கு ஆர்டர் இரண்டு வழியாகத்தான் மொத்தமாக வரும்: ஒன்று போர், மற்றொன்று அச்சம். சட்டம் கடுமையாகப் போகிறது என்ற பேச்சு வந்ததும் அமெரிக்காவில் மக்கள் கடைகளில் குவிந்ததால் 2013இல் அவர்களுடைய விற்பனை 120 கோடி டாலரைத் தாண்டியது. 2016 தேர்தல் முடிந்து அந்த அச்சம் நீங்கியதும், அவ்வாண்டில் 86 கோடி டாலருக்கு மேல் இருந்த விற்பனை அடுத்த ஆண்டில் சுமார் 60 கோடிக்கு இறங்கியது. கரும்பு ஆலைக்கு வேலை செய்யும் நமக்கு இது புதிதா? அரவைக் காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, மழை பொய்த்த வருடம் புஷ் மாதிரி ஒரு சின்ன உதிரிப் பாகம் கேட்டுக்கூட யாரும் வரமாட்டார்கள். ஏறி இறங்கும் வருமானத்தின் தலையில் ஏறி இறங்காத தவணையைக் கட்டக்கூடாது. தாத்தா உன்னை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் அதைத்தான் கட்டினார்கள். 2007இல் செர்பெரஸ் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் ரெமிங்டனை வாங்கியது. கொடுத்தது 11.8 கோடி டாலர், ஏற்றுக்கொண்ட பழைய கடன் 25.2 கோடி. பிறகு பல துப்பாக்கி நிறுவனங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். 2010இல் அந்தக் குழுமத்தின் தலைமை நிறுவனத்தின் பெயரில் பெரிய கடன் எடுக்கப்பட்டது. அந்தப் பணம் இலியன் பட்டறைக்கு ஒரு புது இயந்திரமாகவும் போகவில்லை, முதலீட்டாளர்களிடமிருந்த பங்குகளைத் திருப்பி வாங்கும் கணக்கில் அவர்களுக்கே போனது. பின்னால் அந்தக் கடனின் பாரம் ரெமிங்டன் தலையில் வந்து இறங்கியது. 2018 தொடங்கும்போது மொத்தக் கடன் சுமார் 95 கோடி டாலர். இத்தனையும் சட்டப்படி நடந்தது, எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து இருந்தது. ஒரு கடன் காகிதத்தைப் பார்க்கும்போது கடன் யார் பெயரில், பணம் யார் கையில் என்று பார், தம்பி. வட்டி விகிதத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அந்தக் குழுமம் வாங்கியவற்றில் மார்லின் என்ற நிறுவனத்தின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு மனம் தாங்கவில்லை. 1870இல் தொடங்கி, நெம்புகோல் துப்பாக்கிக்குப் பெயர் வாங்கியவர்கள் அவர்கள். கனெக்டிகட் மாநிலத்தில் நார்த் ஹேவன் ஊரிலிருந்த அவர்களுடைய ஆலையை மூடி, இயந்திரங்களை லாரியில் ஏற்றி இலியனுக்குக் கொண்டுபோனார்கள். வேலை தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கூடப் போகவில்லை. இயந்திரங்கள் பழையவை. டிராயிங்கில் இருந்த அளவு ஒன்று, அந்த மனிதர்கள் கையால் சரிசெய்து கொண்டுவந்த அளவு வேறு. அந்தத் தேய்மானம் எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டதில்லை. அடுத்த சில வருடம் இலியனிலிருந்து வந்த மார்லின் துப்பாக்கிகளில் மரம் இரும்போடு பொருந்தவில்லை, குறிபார்க்கும் முள் சாய்ந்திருந்தது, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ஜேக்கப்ஸ் பகுதியிலுள்ள நம் பட்டறையின் பெரிய லேத்தில் இடது பக்கம் எத்தனை நூல் விட்டுக் கடைய வேண்டும் என்பது அங்கே வேலை செய்யும் பாபா ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கு அறுபத்து மூன்று வயதாகிறது. அந்த லேத்தைத் தூக்கி ஜோஹன்னஸ்பர்க்கில் இறக்கினால் அது வெறும் இரும்பு. இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும்.

இலியனிலும் இதே கதைதான், அங்கிருந்த சில வேலைகளும் வேறு ஊருக்குப் போயின. 2014இல் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரம், ரெமிங்டனின் புது ஆலையால் சுமார் 2000 பேருக்கு வேலை வரும் என்று நம்பிச் சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. அந்த எண்ணிக்கையை அவர்கள் எட்டவே இல்லை. அதே வருடம் வெளியிட்ட ஆர்51 என்ற கைத்துப்பாக்கியைக் கோளாறு காரணமாகத் திரும்பப் பெற்றார்கள்.

எல்லாவற்றையும் முதலீட்டாளர்கள் தலையில் போடவும் என் மனம் ஒப்பவில்லை. 1962இல் வந்த 700 என்ற துப்பாக்கியின் விசையை வடிவமைத்த மைக் வாக்கர் என்ற பொறியாளர், அதில் ஆபத்து இருப்பதை உணர்ந்து அதற்கும் பல வருடம் முன்பே பாதுகாப்பான ஒரு மாற்றத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவு. நிறுவனம் வேண்டாம் என்றுவிட்டது. விசையைத் தொடாமலே சுட்டது என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் வழக்குப் போட்டார்கள், ஏறக்குறைய 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு விசை மாற்றித் தருகிறோம் என்று சமரசம் செய்ய வேண்டியதாயிற்று. செய்தவனே வந்து சொன்னபோது கேட்டிருக்க வேண்டும்.

இனி நீ சொன்ன வழக்கு. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டிலுள்ள சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தத் துப்பாக்கி இக்குழுமத்தின் புஷ்மாஸ்டர், அதனால் இறந்தவர்களின் குடும்பத்தார் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தக் குழந்தைகளின் வயதைப் படித்துவிட்டுக் காகிதத்தை மூடி வைத்தேன், அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அதன்பின் முதலீட்டாளர்கள் நிறுவனத்தை விற்க முயன்றும் வாங்க ஆள் வரவில்லை என்பதும், பணம் கொடுக்கப் பலர் தயங்கினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார். முதல் திவால் மனு 2018 மார்ச். வழக்கு நடக்கலாம் என்று கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் சொன்னது 2019 மார்ச். சமரசத் தொகையான 7.3 கோடி டாலர் முடிவானது 2022 பிப்ரவரி, அதைக் கொடுத்தவையும் காப்பீட்டு நிறுவனங்கள். இரண்டாவது திவால் மனு 2020 ஜூலை. அந்த நேரத்தில் தொற்றுநோய்க் காலத்து அச்சத்தால் அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனை அதுவரை காணாத அளவுக்கு ஏறியிருந்தது. மற்ற நிறுவனங்களுக்கு ஆர்டர் குவிந்த காலத்தில் இவர்கள் துண்டு துண்டாக ஏலம் போனார்கள். அந்த அக்டோபரில் இலியனில் 585 பேர் வேலையிழந்தார்கள். புது உரிமையாளர்கள் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 2024 மார்ச்சில் இலியன் ஆலையை மூடிவிட்டார்கள். வழக்கு அந்த வீட்டுக்கு வெளியே அடித்த காற்று, தம்பி. தூண்கள் அதற்கு முன்பே அறுக்கப்பட்டிருந்தன.

வெளியே அடிக்கும் காற்றின் மேல் பழி போடுவது எவ்வளவு வசதி என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

கிளேர்வுட் வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்று உனக்கும் அக்காவுக்கும் சொல்லி வளர்த்தேன். உனக்கு ஒன்பது வயது. லாரியில் பாத்திரமும் பாயும் ஏறும்போது, "ஏன் அப்பா போகிறோம்?" என்று கேட்டாய். தொழிற்பேட்டைக்காக நகராட்சி நம்மை விரட்டுகிறது என்றேன். சுற்றிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படி நடந்துகொண்டிருந்ததால், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்ததே இல்லை. தாத்தா ஒரு காசு கடனில்லாமல் விட்டுப்போன அந்த வீட்டை 1981இல் நான் அடமானம் வைத்தேன். புது லேத்து வாங்குவதற்கென்று சொல்லித்தான் வைத்தேன். லேத்துக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு கொடுக்க அவர்கள் தயாராக இருந்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். மிச்சத்தில் அத்தையின் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்தினேன், கார் வாங்கினேன், சித்தப்பாவுக்குப் பங்கு என்று ஒரு தொகையை எடுத்துக் கொடுத்தேன். கடனாக வந்த பணத்தை லாபம் போலப் பங்கு வைத்தேன். 1984இல் வட்டி நூற்றுக்கு 25 வரை ஏறியது. அந்த வருடம் ஆலைகளிலிருந்தும் வேலை இல்லை. அடுத்த வருடம் வீடு போயிற்று.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தாலியைத் தவிர மற்றதெல்லாம் அவள் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் தவணைக்குப் போயின. அவள் ஒரு நாளும் உங்கள் முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீ பள்ளியில் அந்த வீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கி வந்து, அரசாங்கத்தின் அநியாயம் என்று சத்தமாகப் படித்துக் காட்டிய அன்று, அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். நான் உட்கார்ந்து கேட்டேன், கைதட்டினேன். நாற்பது வருடமாகத் திறக்காத வாயை இப்போது இந்தக் காகிதத்தில்தான் திறக்க முடிகிறது. உண்மையிலேயே விரட்டப்பட்டவர்களின் துக்கத்தை எடுத்து என் தவற்றின் மேல் போர்த்திக்கொண்டேன். நீ கோபப்படலாம். கோபப்பட்டாவது ஒரு முறை பேசு.

உறையைத் திறந்து முழுவதும் படித்தேன். எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிறாய், எதையும் ஒழுங்காகச் செய்வாய் என்பதில் எனக்கு எப்போதும் பெருமைதான். பதினோராம் பக்கத்தில் ஜேக்கப்ஸ் நிலமும் பட்டறையும் ஈடாக எழுதப்பட்டிருக்கின்றன. பதினான்காம் பக்கத்தில், வரும் கடனின் முதல் பகுதியிலிருந்து பங்குதாரர்களுக்கு ஒரு தொகை கொடுக்கப்படும் என்று இரண்டு வரி இருக்கிறது. அங்கே நீ மஞ்சள் துண்டு ஒட்டவில்லை. கடன் பட்டறையின் பெயரில், பணம் யார் கையில் என்று அந்த இரண்டு வரியை எனக்கு நீ நேரில் விளக்க வேண்டும்.

நான் கையெழுத்துப் போடவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. தட்டச்சுப் பொறியின் கீழே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் நல்லது. சனிக்கிழமை பாபா வேலைக்கு வருவதில்லை, அவரும் இருக்கும்போது பேச வேண்டும். மருமகளிடம் சொல்லிவிட்டு வா. அக்கா மீன் குழம்பு வைப்பதாகச் சொன்னாள்.

உன்,
அப்பா