வாசல் முதல் கொல்லை வரை: கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெங்களூர் அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர் பக்கத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பதினாறு நாள் திறந்திருந்த நம் 'வாசல் முதல் கொல்லை வரை' கலைக்காட்சி போன ஞாயிறு இரவோடு முடிந்தது. புடவைகளை இறக்கி மடித்து, உமியைக் கூட்டி மூட்டை கட்டி, தரையைக் கழுவி, சாவியை வீட்டுக்கார அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) கையில் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வருகைப் புத்தகத்தில் எல்லோரும் என் ஒருத்தி பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. அந்த வீட்டில் காலுக்கும் மூக்குக்கும் காதுக்கும் கிடைத்தது ஒவ்வொன்றும் உங்களில் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்தது. யார் எதைச் சொன்னீர்கள் என்பதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும்.

வர முடியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம், இடிப்பதற்கு நாள் குறித்த ஓர் ஓட்டு வீடு. அதன் நான்கு அறைகளில் முதல் அறையையும் நடுமுற்றத்தையும் அப்படியே விட்டுவிட்டு, மற்ற அறைகளைப் பழைய புடவை, உமி, பனியன் துணி, கிராம்பு, வெட்டிவேர்த் தட்டி, எவர்சில்வர் டம்ளர் இவற்றால் நிரப்பியிருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நடந்து, தொட்டு, முகர்ந்து, கேட்டு, கொல்லை வழியாக வெளியே வர வேண்டும். இன்ஸ்டலேஷன் என்பார்கள். கைக்குக் கிடைத்த சாமான்களால் கட்டிய, நாமே உள்ளே நுழைந்து பார்க்கும் கலை.

இதற்கு விதை விழுந்தது 2012இல், கொச்சியில் பினாலே என்ற கலைவிழா முதல் தடவை நடந்தபோது. நம்ம பெங்களூர்க் கலைஞர் ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட அரவைக் கற்களைப் போட்டிருந்தார்கள். மிக்சி வந்தபின் வீட்டை விட்டு வெளியே போன கற்கள். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லையும் அம்மா உடைக்க மனசில்லாமல் வேப்பமரத்தடியில் வைத்தது ஞாபகம் வந்து, அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். சாணத்திலும் குங்குமத்திலும் நூலிலும் ஷீலா செய்த வேலைகளை அதன் பிறகுதான் தேடித் தேடிப் பார்த்தேன்.

முதல் நன்றி வீட்டுக்கார அஜ்ஜிக்கு. திறப்பு நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இடம் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு காட்சிக்கூடம், வாசனை சுவரில் ஏறிவிடும் என்று கைவிரித்துவிட்டது. பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அன்று சாயங்காலம் அஜ்ஜி கன்னடத்தில் கேட்டது ஒரே கேள்வி: "என் வீட்டுச் சுவரில் ஏறினால் பரவாயில்லையா உனக்கு?" வாடகை வாங்கவில்லை. அந்தக் காவித் தரையின் குளிர்ச்சிதான் எங்கள் முதல் அறை. அதில் நாங்கள் எதுவும் சேர்க்கவில்லை.

தையல்காரப் பெரியவருக்கு இதை எப்படிச் சொல்வேன்? பிரேசில் கலைஞர் எர்னெஸ்டோ நெட்டோ 2009இல் நியூயார்க்கில் ஒரு பெரிய கூடம் முழுக்க மெல்லிய துணியைக் கட்டி, அதிலிருந்து மசாலாப் பொருட்களைப் பை பையாகத் தொங்கவிட்ட படத்தை அவரிடம் காட்டினேன். நான் கொண்டுபோனது மல் துணி. வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "இது நெசவும்மா, இழுபடாது. பாரம் போட்டா கிழியும். பின்னல் துணிதான் சொட்டு மாதிரி கீழே இறங்கும். திருப்பூர் பனியன் துணி கொண்டா" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். நாற்பத்தோரு பைகளையும் அவரே தைத்தார். ஒவ்வொரு பையும் கிராம்பின் கனத்தில் மெல்ல மெல்ல நீண்டு, பத்தாம் நாள் குழந்தைகளின் மூக்குக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. அதை நான் திட்டமிடவில்லை. துணி செய்தது, அவருக்குத் தெரிந்திருந்தது.

கிராம்பைப் பொடித்துப் போட இருந்தேன். மளிகைக்கடை அண்ணாச்சி தடுத்தார்: "பொடி பறக்கும், வந்தவங்க இருமுவாங்க. முழுசாக் கட்டு, வேணுங்கிறவங்க கசக்கி மோந்துக்கட்டும்." மிளகாய் பக்கமே போகாதே என்றும் சொல்லி அனுப்பினார். எடை போட்டுக் கொடுத்ததில் பாதிக்குத்தான் காசு வாங்கினார் என்பது வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கே.ஆர். மார்க்கெட் பூக்கார அக்கா இல்லாவிட்டால் நாலாம் நாளே கதவை மூடியிருப்போம். வெட்டிவேர்த் தட்டி வாசம் குறைகிறதே என்று ராத்திரியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பூசணம் பிடித்து அறையே வாடை அடித்தது. "ராத்திரி முழுக்க நனைச்சா அழுகத்தான் செய்யும் கண்ணு. பொழுது சாய்ஞ்சதும் தண்ணியை நிறுத்து, நிழல்ல காத்தாட விடு, காலையில தெளி" என்று சொன்னதோடு நிற்காமல், பூசணம் பிடித்த தட்டிகளைப் பிரித்து நல்ல வேரை மட்டும் பொறுக்கிக் கொடுத்தவர் அவர். மல்லிகையையும் காலையில் வாங்கவே விடவில்லை. நாலு மணிக்கு மொட்டாகக் கொண்டுவந்து கட்டுவார். ஏழு மணிக்குக் கூட்டம் சேரும்போது மொட்டு அவிழும். ஒரே வாசத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு அதை மறந்துவிடும் என்பதால், கிராம்புக்கும் வெட்டிவேருக்கும் நடுவே முற்றத்தை ஒன்றும் வைக்காமல் திறந்தே விட்டிருந்தோம். ஆட்கள் அங்கே வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள்.

எலெக்ட்ரீஷியன் தம்பியிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பூஜை மூலையில் சாம்பிராணி போட ஆசைப்பட்டேன். பருத்திப் புடவை தொங்குகிற அறைக்குள் நெருப்பு என்ற பேச்சே கூடாது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். முற்றத்தில் மட்டும், ஆறு மணிக்கு, ஆள் பக்கத்தில் நிற்க ஒரு தடவை என்று முடிவானது. விளக்கெல்லாம் 12 வோல்ட் எல்இடி. தண்ணீர் உள்ள அறைக்குத் தனி லைன் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்ட்டை வெட்டிவிடும் ஆர்சிசிபி மாட்டினார். செலவைப் பார்த்து முணுமுணுத்தேன். மூன்றாம் நாள் ஒரு குழாய் நழுவி எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தண்ணீர் இறங்கியபோது அறைக்குள் பதினோரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். விளக்கு அணைந்தது. அவ்வளவுதான் நடந்தது. தம்பி, அந்த இருட்டை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்தத் தண்ணீர் அறைக்குத்தான் நீங்கள் எல்லோரும் வீட்டு டம்ளர்களைக் கொடுத்தீர்கள். மொத்தம் அறுபத்து மூன்று. மேலே புது ட்ரிப்ஸ் குழாய்கள். அதன் சக்கரத்தைத் திருகி, எத்தனை நொடிக்கு ஒரு சொட்டு என்று வைக்கலாம். ஆனால் டம்ளரில் தண்ணீர் ஏற ஏற ஒலி மாறும். ஜலதரங்கத்தில் கிண்ணத்துக்குச் சுருதி சேர்ப்பது அப்படித்தானே. அரை மணியில் எல்லாம் ஒரே மாதிரி மொத்தையாகக் கேட்டது. தண்ணீர் ஏறாமலிருக்க வீட்டுப் பாத்திரத்தில் ஓட்டை போட மனசு வரவில்லை. சிக்பேட்டைப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற மாமா வந்து ஐந்து நிமிடம் கேட்டார். ஒரு டம்ளரை எடுத்து மணலில் சாய்த்து வைத்தார். "அளவுக்கு மேல போனா தானா வழிஞ்சிடும். நிறைய சாய்ச்சா கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் சாய்ச்சா நிறைய." அறுபத்து மூன்றையும் அவர்தான் சாய்த்து வைத்தார். கடையைச் சாத்திவிட்டு, இரண்டு ராத்திரி.

அங்கே "தொடாதீர்கள்" என்று பலகை வைத்திருந்தேன், சாய்மானம் கலைந்துவிடும் என்று. ஒன்பதாம் நாள் ஒரு பெரியவர் மகளுடன் வந்தார். நாற்பது வயசுக்கு மேல் பார்வை போனவர். நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, "ஒண்ணை எடுத்துக் குடும்மா" என்றார். கொடுத்தேன். டம்ளரைத் திருப்பித் திருப்பி, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தை நகத்தால் தடவிக் கூட்டினார். "சு... சுப்பு... சுப்புலட்சுமி. கீழே 1983. சீர்ப் பாத்திரம்" என்றார். பலகையை அன்றைக்கே எடுத்துவிட்டேன். சாய்மானம் கலைந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். போகும்போது அவர் சொன்னது: "கொல்லையில ஈரமண் வாசம் இருக்கு. கிணத்துச் சத்தம்தான் இல்லை." கயிற்றுக்கடை பாயிடம் போய் நின்றேன். பரணிலிருந்து பழைய ராட்டினம் ஒன்றை இறக்கி, எண்ணெய் போடாதே என்று சொல்லிக் கொடுத்தார். பத்தாம் நாளிலிருந்து நீங்கள் கேட்ட கிறீச்சொலி அவருடையது. பெரியவரே, நீங்கள் மறுபடி வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை யாராவது உங்களுக்குப் படித்துக்காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

நூற்று நாற்பது புடவைகளைத் துவைக்காமல் கொடுங்கள் என்று கேட்டபோது கூச்சப்படாமல் கொடுத்த அக்காக்கள், அம்மாக்கள், உமி மூட்டையை ராத்திரி பதினொரு மணிக்கு இறக்கிய லக்கேஜ் ஆட்டோ அண்ணன், தினமும் வாசலில் கோலம் போட்ட பக்கத்து வீட்டுத் தங்கச்சிகள், டிபன் அனுப்பிய இட்லிக்கடைப் பாட்டி, அத்தனை பேருக்கும் என் நன்றி.

புடவைகளை அவரவர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். மசாலா வாசம் ஏறியிருக்கிறது, நிழலில் உலர்த்துங்கள். டம்ளர்களில் ஐம்பத்தொன்பது திரும்பிவிட்டன. மீதி நான்கு என்னிடம் இருக்கின்றன: 'ரா. மு. 1979', 'செல்வி', 'கோமதி 12.9.91', பெயரில்லாத ஒன்று. பெயரில்லாததன் விளிம்பில் சின்ன நெளிவு இருக்கும். அடுத்த ஞாயிறுவரை காலையில் வீட்டில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் அல்சூர்ப் பெண்