லேசர் மவுஸுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே

காரைக்குடி

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு மூட்டுவலி தேவலையா? சின்னவள் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்துவிட்டாள். பெரியவன் கோயம்புத்தூரில்தான் இருக்கிறான். பிள்ளையார் நோன்பு கழித்து நீங்கள் எல்லோரும் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக வேண்டும் என்று வீட்டில் சொல்லச் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பெட்டியடி அண்ணன் கடைக்கு வந்திருந்தார். தேவகோட்டை வீட்டின் இரண்டாம் கட்டைச் சுத்தம் பண்ணி நீ கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கப் போகிறாய் என்று அவர் சொன்னதும் எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. பூட்டியே கிடந்த வீட்டில் இனிப் பிள்ளைகள் சத்தம் கேட்கும். ஐயா இருந்திருந்தால் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டிருப்பார்.

ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார். எல்லா சிஸ்டத்துக்கும் லேசர் மவுஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாயாமே? 'லேசர்தான் லேட்டஸ்ட், எதன் மேல் வைத்தாலும் ஓடும்' என்று கடைக்காரர் சொன்னாராம், நீயும் தலையாட்டினாயாம். பழைய மவுஸின் அடியில் இருந்த உருண்டையைத் திருடினவனுக்கு நான் மவுஸ் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது பார்! தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதே. இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

லேசர் வேறு, ஆப்டிகல் வேறு என்று கடைகளில் பிரித்துப் பேசுகிறார்களே, உள்ளே இரண்டும் செய்வது ஒரே வேலைதான். அடியில் ஒரு விளக்கு, ஒரு லென்ஸ், ஒரு குட்டி கேமரா. விளக்கு வெளிச்சம் மேசையில் பட, கேமரா அந்த இடத்தை விடாமல் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சிப் கணக்குப் போட்டு கர்சரை நகர்த்தும். ஒரு காலத்தில் மலிவான மவுஸ்களில் வந்த சென்சார் ஒன்றில் படத்தின் அளவு 18க்கு 18, மொத்தமே 324 புள்ளி. நொடிக்கு 1,500 படம். அதுவே நம் வேலைக்குத் தாராளம்.

விளக்கு மட்டும்தான் மாறுகிறது: ஆப்டிகல் என்று கடையில் சொல்வதில் எல்.இ.டி., மற்றதில் லேசர். 1999இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மவுஸில் இருந்தது சிவப்பு எல்.இ.டி. பழைய மவுஸ்களின் அடியில் உருண்ட உருண்டைக்கு முடிவு வந்தது அதற்குப் பிறகுதான். லேசர் 2004இல் லாஜிடெக்கின் எம்எக்ஸ் 1000இல் வந்தது. உன் கடைக்காரர் லேட்டஸ்ட் என்று சொல்வது இருபது வருஷத்துக்கு மேலான சரக்கை.

சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது நம் வளவுச் சுவரில் காலையில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் தெரியுமே, எல்.இ.டி. மவுஸ் பார்ப்பது அப்படித்தான். வெளிச்சம் சாய்வாக விழுந்து மேசையின் சொரசொரப்பை நிழலாகக் காட்டும். மேசை வழுவழுவென்று மின்னினால் நிழல் விழாது, கேமராவும் திண்டாடும். லேசர் ஒளி அப்படி இல்லை. அதன் அலைகள் ஒரே சீராக வருவதால், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தில் பட்டால்கூடப் பொடிப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். அதனால்தான் பளபளப்பான பரப்பில் லேசர் கை கொடுக்கிறது.

இது நான் கையால் ஓட்டிப் பார்த்தே சொல்வது. என் கடை மேசையில் பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடி டைல்ஸ். அது எப்படி மின்னுகிறது என்று உனக்குத் தெரியும். கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் கலர் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு கலவையை வைத்துச் சமன்படுத்துவார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் கல்லின் முகம், அதற்கு பாலீஷே தேவையில்லை. அந்தக் கல்லில் எல்.இ.டி. மவுஸ் பூ வேலை இருக்கும் இடத்தில் ஒழுங்காகப் போகும். ஒரே கலராக மின்னுகிற இடத்துக்கு வந்ததும் கர்சர் நடுங்கும், சில நேரம் நின்றே போகும். லேசர் இரண்டு இடத்திலும் ஓடியது. கடைக்காரர் சொன்னது அந்த அளவுக்கு உண்மை.

ஆனால் உன் மேசையில் கல் இல்லையே. பர்மா தேக்கில் கீறல் விழக் கூடாது என்று எல்லா மேசைக்கும் கண்ணாடி போட்டிருப்பதாக அண்ணன் சொன்னார். தெளிந்த கண்ணாடியில் சாதாரண லேசரும் படுத்துவிடும். ஒளி ஊடுருவிக் கீழே போய்விட்டால் கேமராவுக்கு எதைப் பார்த்துக் கணக்குப் போடுவது? கண்ணாடிக்கென்றே லாஜிடெக் 2009இல் டார்க்ஃபீல்டு என்று ஒன்று கொண்டுவந்தது. அதுகூடக் கண்ணாடி 4 மில்லிமீட்டராவது தடிமன் இருந்தால்தான் வேலை செய்யும் என்று அவர்களே சொல்கிறார்கள். விலையும் நம் வகுப்புக்குக் கட்டுப்படியாகாது. ஆக, எந்த மவுஸ் வாங்கினாலும் உனக்கு மவுஸ் பேடு வாங்கித்தான் ஆக வேண்டும். பேடு போட்ட பிறகு லேசர் எதற்கு?

எதற்கு என்பதோடு நிற்கவில்லை, துணி பேடில் லேசர் தொல்லையே கொடுக்கும். அது மேலாக மட்டும் பார்க்காமல் நூல் இழைகளுக்குள்ளும் இறங்கிப் படித்துக் குழம்புகிறது. மவுஸை மெதுவாக நகர்த்தினால் கர்சர் ஓர் இடத்தில் நிற்கும், அதே தூரத்தை வெடுக்கென்று இழுத்தால் வேறு இடத்தில் நிற்கும். கம்ப்யூட்டரில் பூ டிசைன் வரையும்போது, தாமரை இதழின் நுனியைக் கோட்டோடு சேர்க்கும் நேரத்தில் இப்படி ஆனால் எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா? இப்போது நான் பேடில் எல்.இ.டி. தவிர வேறு எதுவும் வைப்பதில்லை. விளையாட்டுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பையன்களும் இன்று பெரும்பாலும் லேசரை விட்டுவிட்டார்கள்.

இதற்காக இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று நினைப்பாய். வேண்டும். உன்னிடம் வரப்போகிறவர்கள் யார்? டாலி படித்து ஏதாவது ஒரு கடையில் கணக்கெழுதப் போகிற பெண்பிள்ளைகள், ஐம்பதைத் தாண்டிய ஆச்சிகள். பலருக்கு மவுஸ் பிடிப்பதே முதல் தடவை. கர்சர் குதித்தால் நானும் நீயும் மவுஸைத் திட்டுவோம், அவர்கள் தங்களையே திட்டிக்கொள்வார்கள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி ஆசையாக ஒரு வகுப்பில் சேர்ந்தார். அங்கே மேசை கண்ணாடி மாதிரி மின்னும் பலகை, பேடு கிடையாது. கர்சர் ஓர் இடத்தில் நிற்காமல் ஓடவும், 'எனக்குக் கை நடுங்குதப்பா, இதெல்லாம் நமக்கு ஆகாது' என்று நின்றுவிட்டார். அவர் கை நடுங்கவே இல்லை, சேது. அதே கையால்தான் கொட்டான் முடைகிறார், ஓர் ஓலை பிசகாது. எவ்வளவு சொல்லியும் மறுபடி போக மாட்டேன் என்கிறார். உன் வகுப்பிலிருந்து ஒருத்தர்கூட அப்படித் திரும்பிப் போகக் கூடாது.

அதனால் சாதாரண எல்.இ.டி. மவுஸ், வயர் வைத்தது வாங்கு. பேட்டரி மாற்றும் தொல்லை கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே வளைவாக இருக்கட்டும், இடக்கைப் பிள்ளைகளும் வருவார்கள். டிபிஐ, அதாவது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கர்சர் எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு, 1000 இருந்தால் போதும். 1920 புள்ளி அகலத் திரையை இரண்டு அங்குல நகர்வில் கடந்துவிடும். 8000, 16000 என்று அட்டையில் போட்டிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே. பழகாத கைக்கு அது கெடுதல்தான். மிச்சமாகும் பணத்தில் அடியில் ரப்பர் வைத்த, மினுமினுப்பு இல்லாத துணி பேடு வாங்கு, கண்ணாடி மேல் வழுக்காது. இன்னொன்று, அடியில் சிவப்பு வெளிச்சம் தெரியாவிட்டால் லேசர் என்று அர்த்தம் இல்லை, எல்.இ.டி.யிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வந்துவிட்டது. லேசராக இருந்தால் பொதுவாக அடியில் 'கிளாஸ் 1 லேசர்' என்று அச்சடித்திருக்கும். புரட்டிப் பார்த்து வாங்கு.

நம் சயின்ஸ் வாத்தியார் மகன் தினமும் தேவகோட்டைக்கு வேலைக்கு வருகிறான். அவனிடம் நாளைக்கே ஒரு லேசர், ஒரு எல்.இ.டி., ஒரு பேடு மூன்றையும் கொடுத்துவிடுகிறேன். கண்ணாடியிலும் பேடிலும் நீயே ஓட்டிப் பார். ஆத்தாவையும் ஓட்டச் சொல். பார்த்த அன்றைக்கே போன் பண்ணு. லேசரை மட்டும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடு, என் கல் மேசைக்கு அது வேண்டும்.

அன்புடன்,
சொக்கு