செவலையும் ஆறு குட்டிகளும்

சேர்மாதேவி,
மார்கழி 2

அன்புள்ள மக்கா,

போனில் உனக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். ராத்திரி பத்தரை மணிக்கு டோம்பிவிலியிலிருந்து ஒருத்தன், "கிறுக்குப் பயலே, அறுபது வயசுல உனக்கு நாய்க்குட்டி கேக்குதோ" என்று ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது? உனக்கு யார் சொன்னது என்பதும் தெரியும். என் தங்கச்சிக்கு வாய் சும்மா இருக்காது. அவள் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை நான் எழுதுகிறேன்.

முதலில் கை. வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே அந்தத் தெருநாயின் இரண்டு பல் இறங்கியிருந்தது. வந்ததும் குழாயடியில் சோப்பைப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றாள். விடிந்ததும் ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றியே குத்தி ஒரு மருந்து இறக்கினார்கள். அதுதான் உயிர் போன வலி. தடுப்பூசி தோளில், கொசு கடித்த மாதிரி. முதல் நாள், 3, 7, 28 என்று நாலு தடவை. மூன்று முடிந்தது, கடைசி ஊசி டிசம்பர் கடைசியில்.

ஊசி போட வரிசையில் உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம்தான். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், உங்கப்பாவோடு தினமும் முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தாயே, தொப்புளைச் சுற்றி 14 ஊசி. நான் நுங்கு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன். நீ சட்டையைத் தூக்கிக் காட்டினாய். வயிறு முழுக்கக் கன்றிப்போய், தொட்டால் கல் மாதிரி இருந்தது. அது ஆட்டு மூளையில் செய்த மருந்து என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை இந்த நாட்டில் நிறுத்தியே இருபது வருஷம் ஆகிறது. நாயைக் கண்டால் இன்றைக்கும் நீ தெருவை மாற்றிப் போவதை நான் கேலி செய்ததில்லை. வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு மருந்தே கிடையாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

ஆவணியிலிருந்தே அந்த நாய் எங்கள் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தாள். செவலை நிறம். இடது காது நுனி பிய்ந்திருக்கும். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லாத இடம் ஒன்று, யாரோ வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றிக் கம்பி இறுகின தழும்பு. சோறு வைத்தால், நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வருவாள். அது சாப்பிடுவதாகவே இருக்காது, திருடுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் தூறலில் குடையை மடக்கினேன். அந்தச் சத்தத்துக்கு மூத்திரம் பெய்துகொண்டே ஓடினாள். என்னைப் பார்த்து அவ்வளவு பயம் இல்லை, கம்பு மாதிரி எது நீண்டாலும்தான் பயம் என்று அன்றைக்குப் புரிந்தது.

கார்த்திகை முதல் வாரம், கொல்லைப்புறத்து வைக்கோல் படப்பில் பொந்து மாதிரி குடைந்து குட்டி போட்டாள். நல்ல இடம். மழை இறங்காது, காற்று வராது. நான் பாட்டுக்குச் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நாலாம் நாள் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, எத்தனை குட்டி என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு. கண் திறக்காமல், பெருச்சாளி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தலையை வெளியே எடுத்தால் பத்தடி தள்ளி அவள் நிற்கிறாள். குரைக்கவில்லை. உதட்டை நக்கிக்கொண்டே நின்றாள்.

காலையில் படப்பு காலி. ராத்திரியோடு ராத்திரியாக ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு போய்விட்டாள். ஒன்று மட்டும் வைக்கோல் ஓரத்தில் சில்லென்று கிடந்தது. நான் அவசரமாக மை ஊற்றுகிற ஃபில்லரில் பசும்பால் எடுத்து வாயில் விட்டேன். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிற எதிர்வீட்டுப் பிள்ளைக்கு அதற்கப்புறம்தான் போன் போட்டேன். "பெரியப்பா, குளுந்து கிடக்கிற குட்டிக்குப் பால் குடுக்கவே கூடாது. மொதல்ல சூடு, அப்புறந்தான் பாலு. அதும் பசும்பால் ஆகாது" என்று கத்தினாள். முதல் இரண்டு வாரம் குட்டிகளுக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாதாம். தாயின் வயிறும் கூடப் பிறந்ததுகளின் உடம்பும்தான் அடுப்பு. வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் போய்விட்டது. இதை உன் தங்கச்சி தவிர யாரிடமும் சொல்லவில்லை.

மற்ற ஆறும் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. வயலுக்குப் போகிற வண்டிப்பாதைக்கு அடியில் ஓடைக்குப் போட்ட சிமெண்ட் குழாய் இருக்கிறதல்லவா, நாம் பீடி குடித்த இடம், அதற்குள்தான். வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிற ஓடை. ஆனால் குளம் நிறைந்து மறுகால் போனால் அந்தத் தண்ணீர் முழுக்க அந்தக் குழாய் வழியாகத்தான் வர வேண்டும். வெளியூரிலிருந்து வந்த நாய்க்கு அது எப்படித் தெரியும்? டார்ச் அடித்து அவளை அங்கே விரட்டியது நான்தானே.

இந்தத் தடவை அந்தப் பிள்ளை சொன்னபடி செய்தேன். தினமும் ஒரே நேரம், ஒரே சட்டி. இருபதடி தள்ளி, நேரே பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து தினத்தந்தி படிப்பது. அவள் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்கக் கூடாதாம், பயமாம். உடனே ஓரடி பின்னால் நகர வேண்டும். மூன்றாம் நாள் பதினைந்தடி, ஆறாம் நாள் பத்தடி. மழை பெய்தாலும் குடை எடுக்காமல் போனேன். பாதையில் போனவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்காதே.

கோழிக்கடையில் காலும் தலையும் ஈரலும் வாங்கி நொய்யோடு வேகவைத்துக் கொண்டுபோவேன். "நாய்க்கு ஒலை வைக்கிற வீடு இதுதான்" என்று இரண்டு நாள் முணுமுணுத்த உன் தங்கச்சி, மூன்றாம் நாள் தானாகவே உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டி சேர்க்காமல் நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தாள். "பெத்தவளுக்குக் களி குடுக்காம எப்படிய்யா இடுப்பு நிக்கும்?" செவலை அதை முதலில் மோந்து பார்த்து, என்னை ஒரு தடவை பார்த்து, அப்புறம் சட்டியோடு சேர்த்து நக்கினாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் மடை பார்க்கிற பாட்டையா வந்து, "விடியதுக்குள்ள மறுகால் போயிரும், மேல இன்னும் பெய்யுது" என்றார். 2023 டிசம்பருக்கு அப்புறம் இங்கே யாரும் மழையை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, ஆற்றில் வந்ததை நீயும் டிவியில் பார்த்தாய். இன்றைக்கு அதே டிசம்பர் 17. காலையில் டீக்கடையில் எல்லோரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு நார்ப்பெட்டியில் பழைய சேலையை விரித்து எடுத்துக்கொண்டு போனேன். மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. சட்டியை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்து, அவள் சாப்பிட வெளியே வந்ததும் இந்தப் பக்க வாயில் வழியாகக் கையை விட்டேன். மூன்று குட்டி வந்துவிட்டது. நாலாவதைத் தொடும்போது அவள் அந்தப் பக்க வாயில் வழியாக உள்ளே வந்திருக்கிறாள். குழாய்க்கு இரண்டு வாய் என்பது அந்த அவசரத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை. உறுமினாள், நான் கையை எடுக்கவில்லை, கடித்தாள். அவ்வளவுதான். அவள்மேல் ஒரு குற்றமும் கிடையாது. இருட்டில் என் பிள்ளையை எவனாவது இழுத்தால் நானும் கடிப்பேன்.

அப்புறம் அவள் வெளியே ஓடி முப்பதடி தள்ளி நின்று ஊளையிட, மீதி மூன்றையும் எடுத்துப் பெட்டியில் போட்டேன். சேலையெல்லாம் என் ரத்தம். எங்கள் தொழுவம் அங்கிருந்து முந்நூறு மீட்டர் இருக்கும். பத்தடி நடப்பேன், பெட்டியைத் திறந்தபடி தரையில் வைத்துவிட்டு விலகி நிற்பேன். குட்டிகள் கத்தும். அவள் ஓடி வந்து மூக்கை விட்டு எண்ணுகிற மாதிரி மோந்துவிட்டுப் பின்வாங்குவாள். மறுபடி பத்தடி.

பாதி வழியில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு குழாயைப் பார்த்துத் திரும்பி ஓடிவிட்டாள். போச்சு என்று நினைத்தேன். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போனேன். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. வேகமில்லை, சருகுகளைத் தள்ளிக்கொண்டு கணுக்கால் அளவுக்கு. குழாய் வாயில் அவள் தண்ணீருக்குள் நிற்கிறாள், வாயில் குட்டி தொங்குகிறது. உள்ளே பார்த்தாள். ஒரு காலை முன்னால் வைத்து எடுத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்தது. பிறகு திரும்பி, என்னைத் தாண்டி, கையெட்டும் தூரத்தில் தாண்டிப் போனாள் மக்கா, பெட்டி இருந்த இடத்துக்குப் போய் அதன் பக்கத்தில் அந்தக் குட்டியை இறக்கி வைத்தாள்.

தொழுவத்தில் பெட்டியை வைத்து, லைட்டை அணைத்து, எதையும் சாத்தாமல் வந்துவிட்டேன். கையைக் கழுவியது அதற்கப்புறம்தான். விடியற்காலை போய்ப் பார்த்தால், சேலையைப் பெட்டியிலிருந்து இழுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறும் இருந்தன. குளம் அன்றைக்கு நாலு மணிக்கே மறுகால் போயிருக்கிறது.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள் இல்லையா? நானும் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். எட்டாம் கோடு போட்ட அன்று காலையில் போனால், அவள் மரக்கட்டை மாதிரிக் காலை விறைத்து நடக்கிறாள், மூச்சு இரைக்கிறது, உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்குகிறது. எனக்கு உள்ளே எல்லாம் குளிர்ந்துவிட்டது. உன் முகம்தான் கண்ணில் வந்தது. உன் தங்கச்சியிடம் சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

எதிர்வீட்டுப் பிள்ளை போனில் வீடியோ பார்த்துவிட்டு, "பால்ல எல்லாச் சுண்ணாம்புச் சத்தும் போயிட்டு பெரியப்பா, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள். குட்டி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் இப்படி வருமாம், ரத்தத்தில் கால்சியம் இறங்கி. டாக்டர் வருவதற்குள் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. அதனால்தான் தொட முடிந்தது. முன்காலில் ஊசியை ஏற்றி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்றார். அவள் தலை என் மடியில் இருந்தது. அந்தப் பிய்ந்த காதைத் தடவிக் கொடுத்தேன். அரை மணியில் நடுக்கம் நின்றது, ஒரு மணியில் எழுந்து நின்றாள். நின்றதும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். டாக்டர் சிரித்துவிட்டார். அன்று முழுக்கக் குட்டிகளைப் பிரித்து வைத்து, பாளையங்கோட்டையில் வாங்கிய நாய்க்குட்டிப் பால்பவுடரைக் கரைத்து நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கொடுத்தோம். பேரனுக்குக்கூட நான் ராத்திரி எழுந்ததில்லை என்று உன் தங்கச்சி சொல்லிக் காட்டினாள். வாஸ்தவம்தான்.

பத்துக் கோடும் முடிந்தது. நன்றாக இருக்கிறாள். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து ஒரு தடவை ஆகிவிட்டது. கண் திறந்து, தள்ளாடி நடந்து, பால்பல் முளைத்து என் வேட்டியைக் கடிக்கின்றன. ஆறில் கடுவன் இரண்டு, பெட்டை நாலு. கடுவன் இரண்டுக்கும் ஆள் வந்து சொல்லி வைத்தாயிற்று. பெட்டை என்றால், "அது குட்டி போடுமே" என்று நழுவுகிறார்கள். கருத்தடைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதிக் கொடுக்காத குறைதான்.

"கோர்ட்டே நாயைப் பிடிக்கச் சொல்லிட்டு" என்று நீ சொன்னாய். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் டெல்லிப் பக்கத்துக்குச் சொன்னதை 22-ஆம் தேதியே மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். வெறி பிடித்ததற்கும் ஆளைக் குதறுகிறதற்கும் மட்டும் அது கிடையாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டில் இருப்பவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்று நவம்பரில் சொன்னார்கள். அது எனக்கும் சரி என்றுதான் படுகிறது. செவலைக்குக் குட்டிகள் பால் மறந்ததும் ஆபரேஷன், வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் எங்கள் தொழுவம். இதில் உனக்கு என்ன நஷ்டம்?

ஆனால் ஒன்று. மடியில் தலை வைத்தவள் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் பக்கத்தில் போனேன், எழுந்து போய்விட்டாள். இன்றைக்கு வரைக்கும் அஞ்சடிதான். அஞ்சடியில் உட்கார்ந்தால் படுத்தபடியே சாப்பிடுகிறாள், நாலடி என்றால் எழுந்துவிடுகிறாள். நானும் வாளியை அந்த இடத்திலேயே கவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

வேறு சேதி அதிகம் இல்லை. பிசான நடவு முடிந்தது. ஆற்றில் தண்ணீர் செம்மண் கலங்கல், குளிக்க முடியவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மைனியைக் கேட்டதாகச் சொல்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? தொழுவத்துப் பக்கம் நீ வர வேண்டாம், திண்ணையிலேயே உட்கார்ந்து பேசுவோம். ஒருவேளை பார்க்க வேண்டும் என்று தோன்றினால், குடையை வாசலிலேயே வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் கிறுக்கன்