ஹார்டிங்கின் அச்சகத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் 29ஆவது அதிபர் வாரன் ஹார்டிங்கைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் அரசின் எண்ணெய் வயலை லஞ்சம் வாங்கிக்கொண்டு தனியாருக்குக் குத்தகைக்கு விட்ட டீபாட் டோம் ஊழலைத் தாண்டுவதில்லை. இளமையில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் என்ற முறையில், அவருடைய வாழ்வின் பெரும்பகுதி கழிந்த அச்சகமும் அந்தக் கதையில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒஹாயோ மாநிலத்தின் மேரியன் என்னும் சிறு நகரத்தில் நொடித்துக் கிடந்த ‘ஸ்டார்’ இதழை, 1884ஆம் ஆண்டில், இருபது வயது நிறையாத ஹார்டிங் இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து 300 டாலருக்கு வாங்கினார். கூட்டாளிகள் விலகிக்கொள்ள, இதழின் சுமை முழுவதும் அவர்மேல் விழுந்தது. 1891இல் அவரை மணந்த ஃபுளோரன்ஸ், சில ஆண்டுகளில் விற்பனைப் பிரிவைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சிறுவர்களைப் பழக்கி, வீடுதோறும் இதழ் சேரும்படி செய்தார். அப்படி இதழ் போட்ட சிறுவர்களுள் ஒருவரான நார்மன் தாமஸ், பிற்காலத்தில் சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் ஆறு முறை அதிபர் தேர்தலில் நின்றார். ‘ஸ்டார்’ வேரூன்றியதில் பாதிக்குமேல் ஃபுளோரன்ஸின் உழைப்பே என்பது என் கருத்து.

எந்தப் பிரச்சினைக்கும் இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் கேட்டு எழுத வேண்டும், ஒருவர் மனத்தையும் வீணாகப் புண்படுத்தக் கூடாது என்பது ஹார்டிங் தம் செய்தியாளர்களுக்கு வகுத்த நெறி. யாரையும் பகைத்துக்கொள்ளாத இந்தச் சுபாவமே அவரை 1899இல் மாநில செனட்டுக்கும், 1914இல் நாட்டின் செனட்டுக்கும், 1920இல் அதிபர் பதவிக்கும் கொண்டுசென்றது என நினைக்கிறேன். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஜேம்ஸ் காக்ஸும் ஒஹாயோவின் பத்திரிகை அதிபரே. ஆனால், சிற்றூர் இதழாளருக்கு அணியாக இருந்த அதே குணம் ஆட்சியாளருக்குக் கேடாக முடிந்தது. நண்பர்களைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணெய் வயல் ஊழலில் உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபால் லஞ்சம் பெற்றுச் சிறை சென்றார். அவரை அமைச்சராக்கிய பொறுப்பிலிருந்து ஹார்டிங்கை நாம் விடுவிக்க முடியாது. செனட்டராகவும் அதிபராகவும் இருந்த காலத்தில், 1923 ஜூன் வரை, அவர் இதழைத் தம் உடைமையாகவே வைத்திருந்ததும் முறையன்று. அதை விற்ற இரண்டு மாதங்களுக்குள், ஆகஸ்ட் 2ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில் காலமானார்.

இன்னொரு செய்தி இங்கே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. போரை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, சிறையிலிருந்தபடியே 1920 தேர்தலில் போட்டியிட்டவர் யூஜின் டெப்ஸ். முந்தைய அதிபர் வில்சன் விடுவிக்க மறுத்த அவரை, தேர்தலில் தமக்கு எதிராக நின்றவர் என்றும் பாராமல், 1921 கிறிஸ்துமஸ் நாளில் ஹார்டிங் விடுவித்தார். அடுத்த நாளே வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துச் சந்தித்தார். ஹார்டிங்கைப் பற்றி இனி எழுதும்போது, எண்ணெய் வயலோடு இதற்கும் தங்கள் இதழில் சில வரிகள் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
சிவகாசி.