மரத்தூண் நகல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீட்டு அலங்காரக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். கோயில் கல்தூணைப் பார்த்து மரத்தில் எடுத்த நகல்தான் மரத்தூண் என்றும், பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டால் மலிவாகக் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எது முந்தியது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து செய்த கோயிலில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்ன எழுதி வைத்தான்? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று. 7ஆம் நூற்றாண்டில் ஓர் அரசன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான் என்றால், அதுவரை கோயில்களை எதில் கட்டினார்கள்? அவனே குடைந்த மகேந்திரவாடி நம் பழைய வட ஆற்காட்டில்தான், சோளிங்கர் பக்கம் இருக்கிறது. அங்கே போய்த் தூணைப் பாருங்கள். கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். ஒரு சதுரக் கட்டையை எடுத்து நடுவில் மட்டும் மூலைகளைச் சீவினால் வருகிற வடிவம் அது. தச்சன் கை பழகிய வடிவம்.

தூணின் தலையில் உட்கார்ந்து உத்திரத்தைத் தாங்கும் போதிகையும் அப்படித்தான். தூணில் மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடும். போதிகையில் படுக்கையாக ஓட வேண்டும், அப்போதுதான் உத்திரத்தின் பாரத்தைத் தாங்கும். அதனால்தான் அதைத் தனிக் கட்டையில் செய்கிறார்கள். தூணின் தலையில் முளைபோலக் கழுந்து விட்டு, போதிகையின் அடியில் துளை போட்டு, ஆணியே இல்லாமல் இறக்குவார்கள். கல்லில் இந்த நார்க்கணக்கு கிடையாது. இருந்தும் கல்லில் வேலை செய்தவர்கள் அந்த அமைப்பை விடவில்லை. அவர்களைக் கல்தச்சர் என்றுதானே சொல்கிறோம்!

என் அப்பா மரத்தச்சர். எட்டு வயதில் அவருக்குக் கொட்டாப்புளி, அதாவது உளியைத் தட்டும் மரச்சுத்தி, எடுத்துக் கொடுத்தவள் நான். தேக்கு வாங்கினால் உடனே உளி வைக்க மாட்டார். மாதக்கணக்கில் நிழலில் கிடக்கும். காயாத மரத்தில் செதுக்கினால் பின்னால் வெடிப்பு ஓடிவிடும் என்பார். மரத்தின் வெளிப்புற வெள்ளையைக் கழித்துவிட்டு, உள்ளே இறுகிய வைரத்தில்தான் வேலை. தரை ஈரமும் கரையானும் ஏறாமல் இருக்க ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு கல் வைப்பார்.

எங்கள் பூர்வீக வீட்டுத் தாழ்வாரத்தில் அவர் செய்த நான்கு தூண்கள் நின்றன. பங்கு பிரித்ததும் வீட்டை இடிக்கக் கொடுத்தார்கள். இடித்தவர் தூண், உத்திரம், நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பழைய மரம் என்று ஒரே விலை போட்டார். நான் போய்ச் சேருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு வருடம் கழித்து ஓர் உணவு விடுதியின் வரவேற்பறையில் அவற்றில் இரண்டைப் பார்த்தேன். ஒன்றின் சதுரத்தில் அப்பா செதுக்கிய கிளி, என் தம்பி பந்தடித்து அலகு உடைந்த அதே கிளி. கறுப்பு வார்னிஷ் பூசியிருந்தார்கள். போதிகை இரண்டுக்கும் இல்லை. கூரைக்கு ஒரு சாண் கீழே, எதையும் தாங்காமல் நின்றன. ஆசிரியர் அவர்களே, தாங்கள் எழுதிய மலிவு இதுதான்.

அந்தக் கட்டுரையில் விளக்குக் கடையும் திரைச்சீலைக் கடையும் பெயரோடு வந்திருக்கின்றன. தூண் செதுக்கும் ஒருவர் பெயர்கூட இல்லை. இப்போது கம்ப்யூட்டர் எந்திரத்தில் செதுக்குகிறார்கள். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. கையால் செய்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அவர்களைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாமே.

அப்புறம் இன்னொன்று. மூன்று வருடத்துக்கு முன் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் படத்தைப் போட்டு, யாளியைச் சிங்கம் என்று எழுதினீர்கள். அன்றே கடிதம் போட்டேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை. சரி, இடமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். 1981இல் அங்கே லிங்கம் திரும்பி வருவதற்கு முன்பே, கருவறை வெறுமையாகக் கிடந்த காலத்தில், அப்பா என்னை அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். சாமி இல்லாவிட்டால் என்ன, தூண் இருக்கிறது பார் என்றார். பிறகு ஓவிய ஆசிரியையாக எத்தனையோ பிள்ளைகளை அதே மண்டபத்தில் உட்கார வைத்து வரையச் சொல்லியிருக்கிறேன். சிங்கத்துக்கும் யாளிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மரத்தூண் கல்தூணின் நகல் அல்ல என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். இத்துடன் ஒரு தூணின் கோட்டுப்படம் வைத்திருக்கிறேன். பீடம், சதுரம், நாகபந்தம், கட்டு, கலசம், கும்பம், பலகை, போதிகை என்று உறுப்புகளின் பெயர்களைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள், என் பெயர் வேண்டாம். இடம் இல்லையென்றால் தயவுசெய்து படத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. படம் அப்பா வரைந்தது, வேறு பிரதி என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்